முன் பிறேக்கைத் தொடாதே: திருகோணமலை இறக்கங்களில் ஒரு பழைய எச்சரிக்கை

பெயரில் மலை இருந்தாலும் திருகோணமலை மாவட்டம் ஏறி இறங்கிக் களைக்கிற இடம் அல்ல. நுவரெலியாக்காரர் ஒருவர் வந்து பார்த்தால் இங்கே இறக்கம் எங்கே என்று கேட்பார். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஏறும் பாதை தார் போட்டது. மான்கள் குறுக்கே வராவிட்டால் அதில் பிரச்சினை ஒன்றும் இல்லை. துறைமுகத்தைச் சுற்றிய பாறைக் குன்றுகளை விட்டால், மற்றதெல்லாம் வயல், உவர்நிலம், கடற்கரை மணல், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் கழிமுகத்துக் களி. இறக்கங்கள் இருக்கின்றன, ஆனால் குட்டையானவை. குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் இருபது முப்பது மீற்றர், கல்குவாரிக்குப் போகும் கிளைப்பாதை, ஆற்றங்கரைத் துறைக்குச் சரியும் மண்சரிவு, காட்டோரக் கோயில் மேட்டுக்கு வெட்டிய கிரவல் ரோட்டு.

குட்டையானது என்பதாலேயே இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மலையகத்தில் ஓட்டுகிறவன் இறக்கத்துக்கு முன்னே மனதைத் தயார்ப்படுத்துகிறான். இங்கே ஐந்து மைல் சமதரையில் நாலாவது கியரில் வந்தவன், கட்டில் ஏறி, அதே கையோடு அதே காலோடு மறுபக்கம் இறங்குகிறான். விழுகிறவர்களில் பலர் விழுவது அங்கேதான். நானும் தம்பலகாமம் பக்கம் ஒரு மார்கழி மாதத்தில் அப்படி விழுந்தவன். முழங்கால் தேய்ந்தது, முன் மட்கார்ட் உடைந்தது. பெரிய காயம் என்றால் அது பின்னால் வந்த டிராக்டர்க்காரர் சிரித்ததுதான்.

வண்டியைச் சரிபார்த்த கிண்ணியா மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, “முன் பிறேக்கைப் பிடிச்சீங்களா?” என்பது. “ஓம் நானா” என்றேன். “அதுதான்” என்றார். அந்த ஒரு சொல்லில் கிழக்கிலங்கையின் முழுப் பிறேக் தத்துவமும் அடங்கியிருக்கிறது. மணலிலும் கிரவலிலும் முன் பிறேக் என்பது தொடக்கூடாத ஒன்று. தகப்பன் மகனுக்குச் சொல்வது இதைத்தான், அண்ணன் தம்பிக்குச் சொல்வதும் இதைத்தான். இதற்கு நேர் எதிராக, உலகத்துப் பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் முன் பிறேக்தான் முக்கியம் என்கின்றன. இரண்டு பக்கமும் அனுபவத்திலிருந்துதான் பேசுகின்றன. எந்த அனுபவம், எந்தத் தரை, எந்த வண்டி என்று கேட்டால்தான் இந்த வழக்கு தெளியும்.

புத்தகப் பக்கத்தை முதலில் எடுப்போம். 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹேர்ட் அறிக்கை மோட்டார் சைக்கிள் விபத்து ஆய்வுகளில் மூத்த பிள்ளை. லொஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் ஏறக்குறைய 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். அதோடு 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் புரட்டினார்கள். விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு என்பது ஒரு முடிவு. அந்த நேரத்தில் பலர் பின் பிறேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சில்லைப் பூட்டிவிடுகிறார்கள், முன் பிறேக்கைப் போதிய அளவு பிடிப்பதே இல்லை என்பது இன்னொன்று. அதற்குப் பின் வந்த பயிற்சி வகுப்புகள் பலவும் இந்த முடிவின் மேல்தான் கட்டப்பட்டன. அது சரியான முடிவுதான். ஆனால் அது லொஸ் ஏஞ்சலீஸின் காய்ந்த தார் ரோட்டு. சேருவிலப் பக்கத்து வயல்கட்டுக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

இப்போது நம்மவர்கள் பக்கம். முன் பிறேக்கைத் தொடாதே என்ற விதியை அறியாமை என்று தள்ளுகிறவர்கள், அந்த விதி பிறந்த வண்டியைப் பார்க்கவேண்டும். ஹொண்டா எம்.டி. 90, ஜப்பான் தபால்காரருக்காகச் செய்த சிவப்பு வண்டி, இலங்கைக் கிராமங்களில் பழைய சாமானாக வந்து குடும்ப உறுப்பினராகவே மாறியது. இரண்டு பக்கமும் ட்ரம் பிறேக். முன் பிறேக்கை இயக்குவது ஒரு கம்பிக் கேபிள். கடல் உப்புக் காற்றில் அந்தக் கேபிள் உறைக்குள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். பிடித்தால் ஒன்று வராது, அல்லது வந்தது விடாது. விடாத முன் பிறேக் மணலில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. காசு தட்டுப்பாடான வீட்டில் பின் பிறேக்கை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டு முன்னதை மறந்துவிடுவார்கள். அதோடு சுமை. குச்சவெளியிலோ மூதூரிலோ விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு உள்ளூருக்குப் போகும் வியாபாரியின் பின் கரியரில் றெஜிபோம் பெட்டி, ஐஸ், மீன் எல்லாம் சேர்த்து 50 கிலோ தாராளமாக இருக்கும். பாரமெல்லாம் பின் சில்லில், முன் சில்லு லேசாக மிதக்கிறது. லேசான சில்லை இறுக்கினால் அது உடனே பூட்டிக்கொள்ளும். பாரமான சில்லில் பிறேக் பிடி என்று சொன்னவர்கள் இயற்பியல் படிக்காமலே சரியாகச் சொன்னார்கள்.

ஆனால் அந்த விதி எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுக்கவேண்டும், இதில்தான் விஷயம் இருக்கிறது.

நூறு மீற்றர் போக இருபது மீற்றர் தாழும் இறக்கம் என்று வைப்போம். குளக்கட்டு இறக்கங்களில் இது அதிசயம் அல்ல. ரயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பைப் பொறியியலாளர் உராய்வுக் குணகம் என்பார்கள். காய்ந்த நல்ல தாரில் அது சுமார் 0.8. நனைந்து களி படர்ந்த கிரவலில் 0.3 என்று எடுக்கலாம். வெறும் ஈரக்களியில் இன்னும் கீழே போகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டி, இரண்டு பிறேக்கையும் கச்சிதமாகப் பிடித்தால், காய்ந்த தார்ச் சமதரையில் நாலரை மீற்றரில் நிற்கும். ஈரக் கிரவல் சமதரையில் 12 மீற்றர். அதே ஈரக் கிரவல் அந்த இறக்கத்தில் என்றால் 36 மீற்றர். சமதரையைப் போல மூன்று மடங்கு. காரணம், பிடிப்பு 0.3 என்றால் அதில் 0.2ஐ இறக்கமே தின்றுவிடுகிறது. வேகத்தைக் குறைக்க மிஞ்சுவது 0.1தான். பிடிப்பு 0.2க்குக் கீழே போனால் எந்தப் பிறேக்கும், எந்தக் கெட்டிக்காரனும் அந்த வண்டியை நிறுத்தமுடியாது.

இது இரண்டு சில்லும் தங்கள் முழுப் பங்கையும் கொடுத்தால் வரும் கணக்கு. பின் பிறேக் மட்டும் என்றால்? பாரம் இரண்டு சில்லிலும் சமமாக நிற்கும் வண்டி, பாரத்தின் மையம் தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர், சில்லுகளுக்கு இடையே 1.3 மீற்றர் என்று வைத்தால், ஈரக் கிரவலில் பின் சில்லு தரக்கூடிய அதிகபட்ச எதிர்ப்பு வண்டிப் பாரத்தில் 0.13 பங்கு. இறக்கம் இழுப்பது 0.2. ஆக, பின் பிறேக்கை எவ்வளவு அழகாக மிதித்தாலும் வண்டி வேகம் கூடிக்கொண்டேதான் போகும். மீன் பெட்டியை ஏற்றிப் பாரத்தில் 65 சதவீதத்தைப் பின்னுக்குத் தள்ளினாலும் 0.17தான். இன்னும் போதாது.

அப்படியானால் நம் அப்பாமார் எப்படி விழாமல் இறங்கினார்கள்? அதே கணக்கைக் காய்ந்த கிரவலுக்குப் போட்டால் விடை வருகிறது. பிடிப்பு 0.55 என்று எடுத்தால், பின் சில்லு மட்டும் 0.22 தரும். இறக்கத்தின் 0.2ஐ அது மயிரிழையில் வெல்கிறது. மீன் பெட்டி இருந்தால் 0.28. அதாவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, கச்சான் காற்று அடித்துப் புழுதி பறக்கும் மாதங்களில், பின் பிறேக் மட்டும் என்ற விதி வேலை செய்கிறது. ஐப்பசி கடைசியில் வாடை திரும்பி மழை இறங்கியதும் அதே விதி கைவிட்டுவிடுகிறது. திருகோணமலைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு அந்த மூன்று நான்கு மாதங்களில்தான் விழுகிறது. வருடத்தில் பெரும்பகுதி சரியாக இருக்கும் விதியை மழை மாதங்களிலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. விழுந்தால் மழை மேல் பழி, அல்லது முன் பிறேக் மேல் பழி.

என் விழுகையையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். முன் பிறேக்கைப் பிடித்தது பிழையல்ல. முதலில் பின்னதை மட்டும் மிதித்தேன், வண்டி நிற்கவில்லை, பயம் வந்தது, பயத்தில் முன்னதை ஒரே பிடியாக இறுக்கினேன். மெக்கானிக் நானா கடைசி அரை வினாடியைத்தான் கேட்டார். அதற்கு முந்திய மூன்று வினாடியை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூட்டிய பின் சில்லும் பூட்டிய முன் சில்லும் ஒன்றல்ல என்பது உண்மை. பின் சில்லு பூட்டினால் வால் ஆடும். காலை எடுத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். முன் சில்லு பூட்டினால் திருப்பும் சக்தி போய்விடும், அரை வினாடிக்குள் ஹாண்டில் மடிந்து ஆள் கீழே. தண்டனை கடுமை என்பதால் முன் பிறேக்கையே விலக்கிவைத்தார்கள். விலக்கவேண்டியது பிறேக்கை அல்ல, வெடுக்கென்ற பிடியை. இரண்டு விரலால் முதலில் தொடவேண்டும். முன் ஃபோர்க் சற்று அமர்ந்து, ரயர் தரையை அழுத்தும்வரை ஒரு கணம் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிழியவேண்டும். ஆட்டுப்பால் கறக்கத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல. சில்லு சறுக்குவதாகத் தோன்றினால் விட்டுவிட்டு மறுபடி தொடலாம். கண் முன்னே கிடக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் இறக்கத்தின் அடியைப் பார்க்கவேண்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.

காய்ந்த தாரில் கடும் பிறேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்ந்து, முன் சில்லு கிட்டத்தட்ட 87 சதவீதத்தைத் தாங்கும். அதனால் தாரில் பின் பிறேக் பெயருக்குத்தான். ஈரக் கிரவலில் பிறேக்கே மென்மையாக இருப்பதால் பாரமும் குறைவாகவே சாய்கிறது. முன்னே 64, பின்னே 36. ஆகவே முன்னதுதான் எல்லாம் என்ற புத்தக வாக்கியமும் இங்கே அரைகுறைதான். பின் பிறேக்குக்குத் தாரில் இல்லாத மரியாதை கிரவலில் உண்டு. ஒரே பயணத்தில் இரண்டும் வருவதுதான் இன்றைய சிக்கல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் மட்டக்களப்புப் பக்கம் போகும் ஏ15 வீதியில் படகுப் பாதைகள் இருந்த இடங்களில் பாலங்கள் வந்தன. முன்பு துறைக்குத் துறை இறங்கி ஏறி மெல்லப் போனவர்கள் இப்போது காப்பற் ரோட்டில் 70இல் வருகிறார்கள். வீதி மாறியது, வண்டியும் மாறியது. முன்னே டிஸ்க் பிறேக் போட்ட பல்சர், ஒரு விரலுக்கே பதில் சொல்கிற சாமான். காப்பற்றை விட்டு இடப்பக்கக் கிரவலில் திரும்பியதும் கை எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடவேண்டும்.

இஞ்சின் பிறேக்கைப் பற்றி எல்லோரும் ஒருமித்துப் பேசுகிறார்கள். முதல் கியரில் இறங்கு, கிளட்ச்சைப் பிடிக்காதே. நல்ல சொல். இஞ்சின் பின் சில்லைச் சுற்றவைத்தபடியே இழுத்துப் பிடிப்பதால் சில்லு பூட்டுவது கடினம். ஆனால் அதுவும் பின் சில்லின் வழியாகத்தான் தரையைத் தொடுகிறது. மேலே சொன்ன 0.13 என்ற எல்லை இஞ்சினுக்கும் சேர்த்துத்தான். அதனால் ஈரத்தில் முதல் கியர் மட்டும் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலத்தில் இறக்கம் என்றால் நியூட்ரலில் விட்டுவிடும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. எரிபொருள் ஊசி முறையுள்ள புதிய வண்டிகளில், கியரில் இறங்கும்போது இஞ்சின் தானே பெற்றோலை நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில்தான் அது துடித்துக்கொண்டிருக்கக் குடிக்கிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறோம்.

ஸ்கூட்டர் தனிக்கதை. ஊரில் ஆசிரியைகளும் தாதியரும் பள்ளிப் பிள்ளையை ஏற்றிப்போகும் தாய்மாரும் ஓட்டுவது அதைத்தான், ஆனால் பிறேக் பற்றிப் பேசுகிற ஆண்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் தானியங்கிக் கிளட்ச் இஞ்சின் வேகம் குறைந்ததும் தானே விட்டுவிடும். மெதுவாக இறங்கும்போது வண்டி நியூட்ரலில் உருளுவது போல் உருளத் தொடங்கும். இறக்கத்துக்கு முன்பே மெதுவாக்கி, மிகச் சிறிதளவு அக்சிலேற்றர் கொடுத்துக் கிளட்ச்சைப் பிடிப்பில் வைத்துக்கொண்டு பின் பிறேக்கால் அடக்கி இறங்குவது ஒரு வழி. சிறிய சில்லு, அகலமில்லாத ரயர், இரண்டும் கிரவலுக்கு எதிரிகள். ஒரே ஒரு அனுகூலம்: இரண்டு பிறேக்கும் கையில். கியர் வண்டியில் பின் பிறேக் வலது காலில் இருப்பதால், சறுக்கும்போது வலது காலை ஊன்றினால் பின் பிறேக் போய்விட்டது. மிச்சம் இருப்பது முன்னது மட்டும். அதனால்தான் இறக்கத்தில் ஊன்றுவதென்றால் இடக்காலை ஊன்று என்பது. ஸ்கூட்டரில் இரு காலும் ஊன்றலாம், பிறேக் எங்கும் போகாது.

ஏ.பி.எஸ். வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1988இல் பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக வந்த அந்த ஏற்பாடு, சில்லு பூட்டப்போகிறது என்று உணர்ந்தால் பிறேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அது கட்டாயமானது; 125 வரை இரண்டு பிறேக்கையும் ஒன்றாக இயக்கும் கூட்டுப் பிறேக் போதும் என்றிருந்தது. அது இந்தியாவில் விற்கும் வண்டிக்கான சட்டம். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். இருந்தாலும், தார் மேல் ஏ.பி.எஸ். உயிர் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தளர்ந்த கிரவலில் கதை வேறு. அங்கே பூட்டிய சில்லு கற்களைத் தன் முன்னே குவித்து அணை கட்டிக்கொண்டு நிற்கும்; ஏ.பி.எஸ். அந்த அணையைக் கட்ட விடாது, நிற்கும் தூரம் நீளும். காட்டுப்பாதை வண்டிகள் சிலவற்றில் பின் சில்லு ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருப்பது அதற்காகத்தான். முன் சில்லுக்கு மட்டும் ஏ.பி.எஸ். உள்ள மலிவு வண்டி நம் கிரவலுக்குத் தற்செயலாகவே பொருந்திப்போகிறது.

அந்தக் கிரவலையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். நல்ல கிரவல் என்பது கல்லும் களியும் சேர்ந்தது. களி கல்லைக் கட்டிவைக்கும். வெயில் மாதங்களில் டிப்பரும் உழவு மெசினும் ஓடி அந்தக் களியைப் புழுதியாக்கிவிடும். மிஞ்சிய உருண்டைக் கற்கள் கெட்டித்தரை மேல் போளைகள் போல் கிடக்கும். முதல் மழைக்கு அந்தப் புழுதி எண்ணெய்ப் படலம் போல் ஆகும். ஆழச் சேற்றை விட இந்த மெல்லிய படலம் மோசம், ஏனென்றால் பார்வைக்கு ரோட்டு ஒழுங்காகத்தான் தெரியும். மார்கழியில் தண்ணீர் சில்லுத் தடத்திலேயே ஓடி அதை வாய்க்காலாக்கும். அப்போது தடத்தை விட்டு நடுவில் புல் முளைத்த வரப்பில் போவதா, தடத்திலேயே போவதா என்பது பெரிய கேள்வி. கல் தெரிந்தால் தடம், களி தெரிந்தால் வரப்பு என்பது என் வழக்கம். தாம்போதியில் தண்ணீருக்குள்ளால் வந்த ட்ரம் பிறேக் அடுத்த இறக்கத்தில் பிடிக்காது. கரையேறியதும் பிறேக்கை இலேசாக அமத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டிக் காயவைக்கவேண்டும்.

கிராம வீதிகளுக்கு ‘மக நெகும’ வீதித் திட்டக் காலத்திலிருந்து கொங்கிறீட் போட்டு வருகிறார்கள். போடுவது பெரும்பாலும் சமதரையில், சனம் கூடும் இடத்தில். செங்குத்தான இருபது மீற்றரை விட்டுவிடுவார்கள், மெசின் நிறுத்தி வேலை செய்ய அது சிரமம். உண்மையில் பத்துச் சதவீதத்துக்கு மேற்பட்ட சாய்வில் கொட்டும் கிரவல் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. இருக்கிற சீமெந்தை அந்த இருபது மீற்றருக்குப் போட்டு, மேற்பரப்பில் குறுக்குக் கோடு இழுத்து, பக்கத்தில் கான் வெட்டினால் சமதரையைக் கிரவலாகவே விடலாம். கோடு இழுக்காத வழவழப்புக் கொங்கிறீட் மரநிழலில் பாசி பிடித்தால் கிரவலையும் விஞ்சிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு நாங்கள் எட்டுப் போட்டுக் காட்டியது காய்ந்த சமதரையில். இறக்கத்தில் நிறுத்திக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. ஏற்றத்தில் நின்றுபோன வண்டி பின்னே வழுகும்போது முன் பிறேக் மட்டும் போதாது, பாரம் பின்னே போய்விட்டதால் முன் சில்லு பூட்டியபடியே சறுக்கி வரும் என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

போன மாரியில் ஒரு நாள், மழை விட்ட நேரம், அதே தம்பலகாமத்துக் கட்டில் நின்றுகொண்டிருந்தேன். மீன் பெட்டியோடு எம்.டி. 90இல் வந்த ஒரு பெரியவர் கட்டின் விளிம்பில் வண்டியை நிறுத்தினார். இறக்கத்தைப் பார்த்தார். இஞ்சினை நிறுத்தி, கியரைத் தட்டிப் போட்டு, வண்டிக்கு இடப்பக்கம் இறங்கி நின்றுகொண்டார். ஓடாத இஞ்சினே பின் சில்லைப் பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். முன் பிறேக்கை இரண்டு விரலால் தொட்டும் விட்டும், வெறும் கால்விரலைக் களிக்குள் ஊன்றி ஊன்றி, வண்டியைக் கன்றுக்குட்டி போல் பக்கத்தில் நடத்திக்கொண்டு இறங்கினார். “ஐயா, முன் பிறேக்கும் பிடிக்கிறீங்கள்” என்றேன். “போன கிழமை புதுக் கேபிள் போட்டது தம்பி” என்றார். கீழே போய்ச் செருப்பை மாட்டி, ஒரு உதையில் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனார்.